பக்கம் ஆறு, வரி பதினான்கு

மார்ச் 2, ஞாயிறு

கையேட்டின் முப்பத்தொன்றாம் பதிப்பை இன்று குழுவில் ஏற்றினேன். ஒன்பது பக்கம், நாற்பத்திரண்டு படம், பிழை இல்லை. மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு.

"வெட்டி ஒட்டு" குழுவில் இப்போது மூவாயிரத்து இருநூறு பேர். நடிகருக்கு, கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு, தொடர் நாயகிக்கு என்று ஆளாளுக்கு ரசிகர் வீடியோ செய்கிறவர்கள். நான் எட்டரை மணித் தொடரின் வில்லிக்குச் செய்கிறேன். அந்த வீட்டில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முழுதாக முடிப்பவள் அவள் ஒருத்திதான். ஐந்து வருடம் முன்பு, என் கணவர் லூர்து இறந்த ஆண்டில், அவள் மாடிப்படி இறங்கி வரும் காட்சியைப் பாட்டோடு எப்படிச் சேர்ப்பது என்று இந்தக் குழுவில் கேட்டேன். "சும்மா நோண்டிப் பாருங்க ஆன்ட்டி, தானா வந்துரும்" என்று பதில் வந்தது. நோண்டிப் பார்ப்பது ஒரு செய்முறை அல்ல. கொதிகலன் தொழிற்சாலையில் இயக்கக் கையேடுகள் எழுதும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். ஆகவே புதியவர்களுக்கான கையேட்டை நானே எழுதினேன். வீடியோ வெட்டும் செயலி மாறும்போதெல்லாம் திருத்துகிறேன். முதல் பக்கத்தில் திருத்தப் பட்டியல் உண்டு: தேதி, பக்கம், என்ன மாறியது, ஏன். அதன் பிறகு யாரும் என்னை ஆன்ட்டி என்று அழைப்பதில்லை. மேடம்.

மாலை ஆறு மணிக்கு ஒருவருடைய "முதல் காட்சி". புதியவர் செய்த முதல் வீடியோவை ஞாயிறு மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பது குழுவின் வழக்கம். எழுத்திலேயே விசிலடிப்பார்கள், காகிதம் கிழித்து வீசுவார்கள், சூடம் கொளுத்துவார்கள். அன்று முழுக்க யாரும் குறை சொல்லக் கூடாது. எனக்குக் கடினமான விதி. திங்கள் காலை சொல்லிவிடுவேன்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

ஒரு வேளை உணவு. வீட்டு வேலைக்கு வரும் சகாயமேரி சமைத்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். என்னைவிட அதிகச் சாம்பல் அவள் நெற்றியில்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். குரல் செய்தியைக் கேட்பதில்லை என்று விதிகளில் இருக்கிறது. கேட்டேன்.

"மேடம் வணக்கம். நான் முத்தரசி. செங்குளம்பட்டி, சிவகங்கைப் பக்கம். அங்கன்வாடியில டீச்சரா இருக்கேன். எங்க ஊர்ப் பிள்ளை செல்லக்கனி, கபடி ஆடும். அதுக்கு ஒரு வீடியோ போடணும் மேடம். எனக்கு ஆப்பு கீப்பெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆனா படிச்சாப் புரிஞ்சுக்கிருவேன்."

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. விவரத்தை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். பிழையில்லாமல் எழுதினாள். செல்லக்கனிக்கு இருபத்துமூன்று வயது. எதிரணி எல்லைக்குள் பாடிப் போகிற ஆட்டக்காரி. ஜனவரியில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. ஏப்ரல் 26, ஊர்த் திருவிழாப் போட்டியில் கோப்பை கொடுக்க மட்டும் வருவதாக, மூன்று பேர் கெஞ்சிய பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறாள். அன்று மைதானத்தில் திரை கட்டி அவளுக்கு அந்த வீடியோவைக் காட்ட வேண்டும். நான்கு வருடமாக ஒவ்வொரு ஊர் ஆட்டத்துக்கும் அணியோடு வேனில் போய் முத்தரசி படம் பிடித்திருக்கிறாள். நூற்று நாற்பது காட்சிகள். ஊரில் வேறு யாரிடமும் இல்லை. "முத்தரசி அக்கா எடுக்கும்" என்று மற்றவர்கள் கைபேசியை வெளியே எடுப்பதே இல்லையாம்.

கையேட்டை அனுப்பி, முதல் பக்கத்திலிருந்து தாண்டாமல் படிக்கச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

குமரவேல் ஏதோ எழுதியிருந்தார். பரமக்குடியில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்; குழுவின் நிர்வாகிகளில் ஒருவர். ஆறாம் பக்கம் செயலியின் புதிய பதிப்புக்கு ஒத்து வரவில்லையாம். ஒரு முற்றுப்புள்ளி இல்லை. செயலியின் பதிப்பு எண் இல்லை, படம் இல்லை. பிழை தெரிவிக்கப் படிவம் இருக்கிறது, அதில் அனுப்புங்கள் என்றேன்.

"கடையில கூட்டம் மேடம். நீங்களே ஒருவாட்டி செஞ்சு பாத்துருங்க."

செய்து பார்த்தேன். ஆறாம் பக்கம் சொல்கிறபடியே நடந்தது. "பரிசோதிக்கப்பட்டது. பிழையில்லை" என்று குழுவிலேயே பதில் போட்டேன்.

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் சொல்ல வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. முழங்காலிட முடியவில்லை, நின்றேன்.

முத்தரசி நன்றாகச் செய்கிறாள். ஐந்தாம் பக்கம் முடித்துவிட்டாள். போனில் இடம் போதவில்லை, என்ன செய்வது என்று கேட்டாள். "பக்கம் ஆறு பார்க்கவும்" என்று பதில் எழுதினேன்.

மார்ச் 19, புதன்

காலையில் முத்தரசியிடமிருந்து பதினொரு செய்தி. செயலியைத் திறந்தால் எல்லாம் கறுப்பாக இருக்கிறதாம். ஒவ்வொரு கட்டத்திலும் "கோப்பு காணவில்லை" என்று வருகிறதாம். நூற்று நாற்பதும்.

குமரவேல் அவளைப் பரமக்குடிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மீட்டுத் தரும் மென்பொருள் வைத்திருக்கிறாராம்.

அவசரத்தில் எதையோ அழுத்தியிருப்பாள். புதியவர்கள் செய்வதுதான்.

மார்ச் 20, வியாழன்

மூன்று காட்சிகள் கிடைத்தன. அவற்றிலும் பாதி கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது. குமரவேல் குழுவில் அதை மட்டும் எழுதினார். எனக்குத் தனியாக எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

மார்ச் 22, சனி

விவரத்தை முறையாகப் பதிந்துவிடுகிறேன்.

என் கைபேசியில் அந்தச் செயலி நவம்பர் மாதத்துப் பதிப்பிலேயே இருக்கிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நான்தான் நிறுத்தி வைத்தேன். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பொத்தான்கள் இடம் மாறும். கையேட்டின் நாற்பத்திரண்டு படமும் என் கைபேசியோடு பொருந்தாமல் போகும். பொருந்தாத கைபேசியை வைத்துக்கொண்டு எப்படிச் சரிபார்ப்பது? ஆகவே மாதம் ஒருமுறை மட்டும் புது அம்சங்களின் பட்டியலை வாசித்துத் திருத்துவேன். இந்த மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்று புதுப்பித்தேன். வில்லி படியிறங்கும் காட்சியை ஏற்றினேன். பிறகு ஆறாம் பக்கத்தை எதிரே வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தேன்.

வரி 14: ஏற்றி முடித்ததும் மூலக் காட்சிகளைக் கைபேசியிலிருந்து நீக்கிவிடலாம், செயலி தனக்கென ஒரு பிரதி வைத்திருக்கும்.

வரி 15: குப்பைத் தொட்டியையும் உடனே காலி செய்க, இல்லாவிட்டால் இடம் கிடைக்காது.

திறந்தேன். கறுப்பு.

செயலி இப்போது பிரதி எடுப்பதில்லை. மூலக் காட்சி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது. பதினான்காம் வரியோடு நின்றிருந்தால் குப்பைத் தொட்டியில் முப்பது நாள் கிடந்திருக்கும், எடுத்துவிடலாம். பதினைந்தாம் வரி நானாகச் சேர்த்தது. வேறு யாருடைய வழிகாட்டியிலும் அது கிடையாது. அரைகுறையாக நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

மார்ச் 23, ஞாயிறு

வரி 14 திருத்தப்பட்டது. வரி 15 எடுக்கப்பட்டது. பதிப்பு 32 ஏற்றினேன். திருத்தப் பட்டியலை நாளை எழுதலாம்.

மார்ச் 25, செவ்வாய்

தொட்டி கழுவ வந்தார்கள். பாசி ஒரு வாளி. பட்டியல் எழுதவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஒப்புரவு அருட்சாதனம். அறிக்கையிட்ட பாவங்கள்: சகாயமேரி மேல் கோபம், செபத்தில் கவனக்குறைவு, மாடி வீட்டாரைப் பற்றித் தவறாக எண்ணியது. உதவிப் பங்குத்தந்தை புதியவர். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். கையேட்டுப் பிழைகள் பாவத்தில் சேரா. இல்லை என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

முத்தரசி குழுவில் எழுதியது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். மேடம் கையேடு தப்புன்னு குமரவேல் அண்ணன்கிட்ட அழுதேன். இன்னைக்குத் திரும்ப எடுத்துப் படிச்சேன். பக்கம் ஆறுல, மூலக் காட்சிகளை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்கு. நான்தான் தலைகீழாப் படிச்சிருக்கேன். என் புத்தி அவ்வளவுதான். மேடம் மேல பழி சொன்னதுக்கு மன்னிப்பு."

கீழே இருபது முப்பது பேர். "பரவால்லக்கா." "இனிமே நிதானமா படிங்கக்கா." "மேடம் கையேட்டுல தப்பா? சூரியன் மேற்கால உதிச்சாலும் உதிக்கும்." ஒருவர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்.

அவள் போனில் பழைய பதிப்பின் மேல் புதியது ஏறிவிட்டது. குழுவில் ஒரே இணைப்புதான். பழையதை வைத்திருந்தால் குழப்பம் என்று நான்தான் அப்படி அமைத்தேன்.

குமரவேல் எதுவும் எழுதவில்லை.

நான் எழுதத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம். அழித்துவிட்டேன். மணி ஒன்பது, தொடர் முடிந்துவிட்டது. பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

சகாயமேரி காபி டம்ளரை எடுக்க வந்தவள் போகாமல் நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு வேணும்னே ரெண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்."

"ஏன்?"

"முந்தாநாளு மறந்துபோயி உப்புமாவுல ரெண்டாந்தரம் உப்பு போட்டுட்டேன். நீங்க பேசாம சாப்ட்டுட்டு எந்திரிச்சிட்டீங்க. நேத்து ஜன்னலத் தொடைக்கல, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பயமாயிருச்சு. உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"உடம்பு நன்றாக இருக்கிறது."

"அப்ப என்ன? பதினாறு வருசமா உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்கேன். திட்டு வாங்காம வேல செய்ய வரல எனக்கு."

ஜன்னலைத் துடைக்கச் சொன்னேன். நிம்மதியாகப் போனாள்.

ஏப்ரல் 3, வியாழன்

முத்தரசி தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தேன். குழுவை விட்டு விலகுவதாகச் சொல்லத்தான் கூப்பிட்டாளாம். சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறாள்.

செல்லக்கனியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன் மேடம். 'விடுக்கா, நான் ஆடுனதை எவ ஞாபகம் வச்சிருக்கப் போறா, போனதே நல்லது'ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிருச்சு. இருபத்தாறாந் தேதி வராதாம்."

நான் வைக்கப் போகும்போது:

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? உங்களுக்கு இப்பிடி ஆயிருக்கா? சென்டர்ல சத்துமாவுப் பாக்கெட்டு வரும். பின்னாடி அளவு போட்டிருக்கும். எத்தன வருசமாப் படிச்சுப் பிள்ளைகளுக்குக் கலக்கிக் குடுக்குறேன். இப்பப் படிக்கிறேன், மூணு கரண்டின்னு தெரியுது. ஆனா நம்ப முடியல. ஆயாவக் கூப்பிட்டு, நீயும் ஒருக்காப் படி ஆயாங்குறேன். அது எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சொன்ன பெறகுதான் கலக்குறேன். சொட்டு மருந்து சீட்டும் அப்பிடித்தான். எதையும் எங்கண்ணால நம்ப முடியல மேடம். சரியாப் போகுமா இது?"

சரியாகப் போகும் என்றேன்.

வைத்த பிறகு மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டைச் சகாயமேரி மூடி வைத்துவிட்டுப் போனது தெரியும்.

நான் அவளிடமிருந்து எடுத்தது நூற்று நாற்பது காட்சிகளை மட்டுமல்ல. இதை எழுதிவிட்டேன், இனி எழுதாதது போல இருக்க முடியாது.

ஏப்ரல் 4, வெள்ளி

காலை பத்து மணிக்குக் குழுவில் போட்டேன்.

"பதிப்பு 31, பக்கம் 6, வரிகள் 14, 15 தவறு. மூலக் காட்சிகளை நீக்கும்படி அவை சொல்லின. முத்தரசி சரியாகப் படித்தார், சரியாகச் செய்தார்; அதனால் அவருடைய நான்கு வருடக் காட்சிகள் அழிந்தன. மார்ச் 9 அன்று குமரவேல் இந்தத் தவறைச் சொன்னார். நான் பழைய பதிப்பில் பரிசோதித்துவிட்டு அவரை மறுத்தேன். மார்ச் 23 அன்று வரியை மாற்றிவிட்டு, மாற்றியதைச் சொல்லாமல் இருந்தேன். அதனால் முத்தரசி தன் கண்ணைச் சந்தேகிக்கும்படி ஆயிற்று. பழைய பக்கத்தின் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். எல்லோரும் பார்க்கவும். செங்குளம்பட்டிப் பெண்கள் அணியின் ஆட்டத்தைக் கடந்த நான்கு ஆண்டுகளில் யாராவது, எந்த ஊரிலாவது, எவ்வளவு மோசமாகப் படம் பிடித்திருந்தாலும் எனக்கு அனுப்பவும். பிலோமினா லூர்துசாமி, திருச்சி."

அணி ஆடப் போனதாக முத்தரசி எழுதியிருந்த ஊர்ப் பெயர்களின் பட்டியலையும் சேர்த்தேன். இணைப்பதற்கு முன் ஒரு முறைதான் வாசித்தேன்.

ஏப்ரல் 5, சனி

நேற்று போட்டதும் நான் கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டேன். இன்று திறந்தேன். நூற்றெண்பது செய்தி. "குப்பைத்தொட்டியக் காலி பண்ணச் சொன்னது மேடமா?" "இவங்க என் வீடியோவுக்கு ஒரு பிரேம் தள்ளியிருக்குன்னு பக்கம் பக்கமா எழுதுனவங்க." "அந்த அக்காவைத் திட்டுனவங்கல்லாம் இப்ப எங்க?" ஒருவர் கையேட்டையே எடுத்துவிடலாம் என்றார். வேறொருவர், எடுத்துவிட்டு யார் எழுதுவது என்றார்.

குமரவேல் எழுதினார்: "மேடம், தவறைத் தெரிவிக்கப் படிவம் இருக்கிறது. பூர்த்தி செய்து அனுப்பவும்." முற்றுப்புள்ளிகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. நான் வாங்க வேண்டியதுதான்.

முத்தரசி இன்னும் குழுவை விட்டு விலகவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

முத்தரசி. குரல் செய்தி, ஏழு நிமிடம்.

"எத்தன நாளு மேடம்? நான் எண்ணிப் பாத்தேன். பன்னண்டு நாளு. வரிய மாத்திட்டுப் பன்னண்டு நாளு சும்மா இருந்திருக்கீங்க. அதுல நான் மன்னிப்பு வேற கேட்டிருக்கேன், ஊரு உலகம் பூராம் பாக்க. அதப் படிச்சிட்டும் சும்மா இருந்திருக்கீங்க. வியாழக்கெழம போன்ல அம்புட்டையும் சொன்னேனே. அப்பக்கூட வாயத் தொறக்கல. சரியாப் போகும்னீங்க. எப்பிடி மேடம் முடிஞ்சுச்சு?"

இதைப் போலவே தொடர்ந்தது. எதையும் மறுக்க முடியாது. கடைசியில்:

"சரி. இருபத்தாறாந் தேதிக்கு இன்னும் நாள் கெடக்கு. என்ன செய்யணும்னு சொல்லுங்க. எழுதி அனுப்பாதீங்க. கூப்புட்டு வாயால சொல்லுங்க."

கூப்பிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

நெடுங்கரையிலிருந்து ஒருவர் எழுதினார். செங்குளம்பட்டிக்கு நெடுங்கரைதான் பரம எதிரி அணி என்று முத்தரசி முன்பே சொல்லியிருந்தாள்.

"அந்தப் புள்ளையா? மூணு வருஷமா எங்க ஊரை அழ வச்ச புள்ளையாச்சே. எங்ககிட்ட இருக்கு மேடம். எப்படிப் பிடிக்கிறதுன்னு நம்ம புள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுறதுக்காக எடுத்தது. அப்பவும் பிடிக்க முடியல. அது வேற விஷயம். குடுக்கலாமான்னு ஊர்ல கேக்கணும்."

ஏப்ரல் 12, சனி

ஊரில் கேட்டிருக்கிறார்கள். நாற்பத்தாறு காட்சிகள் வந்தன. அவர்களைப் பார்த்து வேறு இரண்டு ஊர்க்காரர்களும் அனுப்பினார்கள். இதுவரை பதினொரு கைபேசிகளிலிருந்து அறுபத்தெட்டு. எல்லாம் தோல்வியடைந்த ஊர்கள்.

ஒவ்வொன்றையும் பார்த்துத் தேதி, ஊர், நொடி குறித்தேன். குமரவேல் மூன்று தனித்தனி இடங்களில் பிரதி எடுத்து வைத்தார். நான் சொல்லவில்லை, அவராகவே.

சகாயமேரி தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யம்மா, பொம்பளப் புள்ளையா இது? அஞ்சு பேரு மேல கெடக்காங்க, அப்பிடியே இழுத்துக்கிட்டுல்ல வருது!" இன்று மீன் குழம்பு வைக்க மறந்துவிட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

முத்தரசியோடு தகராறு. காட்சிகளில் எதிரணிக்காரர்கள் போடும் கூச்சல் கேட்கிறது. "கால புடி, விட்றாத, அமுக்குடி அவள" என்று கத்துகிறார்கள். சில சொற்கள் எழுதத்தக்கவை அல்ல. பின்னணி இரைச்சலை நீக்கிப் பாட்டுச் சேர்க்க வேண்டும் என்று எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. சொன்னேன்.

"சத்தத்த எடுத்தா என்ன மேடம் மிச்சம்? ஊமப் படம்."

"இவர்கள் அவளை ஏசுகிறார்கள்."

"ஏசட்டுமே. சும்மாவா ஏசுறாங்க? பயந்து ஏசுறாங்க."

எட்டாம் பக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டேன். அவள்தான் வெட்டுகிறாள். என்ன பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். நேற்று ஒரு முறை, "பொறுங்க மேடம், நானே படிச்சுப் பாத்துக்கிறேன்" என்றாள். படித்துச் செய்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

எதுவும் செய்யவில்லை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

சகாயமேரிக்குப் புடவை. வீடியோ முடிந்தது, நான்கு நிமிடம் பத்து நொடி. செல்லக்கனி வருவாளா என்று தெரியாது. வரமாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

வாடகைக் காரில் சகாயமேரியும் நானும் போனோம். இரண்டரை மணி நேரம். முத்தரசி மைதான வாசலில் நின்றாள். நான் நினைத்ததைவிட உயரம், என்னைவிட ஒரு தலை அதிகம். "வாங்க மேடம்" என்றாள், சிரிக்கவில்லை. நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள். குமரவேல் ஓரமாகக் கணினியும் கையுமாக நின்றார். நாற்பது வயதுக்காரர் என்று நினைத்திருந்தேன், முப்பதுகூட இருக்காது.

"மேடம், படிவம் கொண்டாந்தீங்களா?"

"தீர்ந்துவிட்டது, குமரவேல். மன்னியுங்கள்."

"அட, விடுங்க மேடம்" என்று கணினிக்குள் குனிந்துகொண்டார்.

இறுதியாட்டத்தில் நெடுங்கரை ஆடியது. ஆகவே அந்த ஊரே வந்திருந்தது. ஐந்தரை மணிக்குச் செல்லக்கனி வந்தாள். ஒரு ஊன்றுகோல், முட்டியில் பட்டை. வரமாட்டேன் என்றவளை அம்மாவும் இன்னொரு பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்து அழைத்து வந்தார்கள். கோப்பையைக் கொடுத்தாள், நெடுங்கரைப் பெண்களுக்கு. அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். உடனே திரும்பிப் போக எழுந்தவளை முத்தரசி தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். "நாலு நிமிசம்டி. எனக்காக."

இருட்டத் தொடங்கியதும் திரை ஒளிர்ந்தது.

முதலில் குரல்தான் கேட்டது. "வர்றா, வர்றா, கோட்டத் தாண்டவிடாத!" செங்குளம்பட்டிக்காரர்கள் யாரும் விசிலடிக்கவில்லை. இது யாருடைய குரல் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரையில் செல்லக்கனி குனிந்து பாடிக்கொண்டு போனாள். நான்கு பேர் பாய்ந்தார்கள். புழுதி. புழுதிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது. படம் பிடித்தவனின் கை தளர்ந்து படம் தரையைக் காட்டியது. "ச்சை, போச்சு! எத்தன பேருடா ஒருத்தியப் புடிக்க!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

பட்டியல் போட்டபோதே நான் கவனித்திருக்க வேண்டும். திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது. பதினொரு கைபேசிக்காரர்களும் தங்கள் ஊர்ப் பெண்களைப் படம் பிடிக்கவில்லை. எல்லாவற்றிலும் அவள்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை, தலைமுடி கட்டுவதை, தண்ணீர் குடிப்பதைக்கூட எடுத்திருந்தார்கள்.

நான் செல்லக்கனியைப் பார்த்தேன். கன்னத்தில் கை வைத்து, ஆட்டத்தை எடைபோடுகிறவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சிகளில் அவள் பிடிபடுவதும் வந்தது. முத்தரசி அதை வெட்டவில்லை. வெட்டினால் நெடுங்கரைக்குச் செய்யும் துரோகம் என்று சொல்லியிருந்தாள்.

முடிந்தது. விசில், காகிதம், யாரோ நிஜமாகவே தட்டில் சூடம் கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் நெடுங்கரைப் பக்கமிருந்து பருத்த மனிதர் ஒருவர் எழுந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்தது. திரையில் பாதி நேரம் ஏசியது அவர்தான்.

"என்ன தாயி, நாங்க புடிச்சதையும் போட்டுட்டாங்கள்ல? நாலு தடவ புடிச்சிருக்கோம்."

செல்லக்கனி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "மூணு."

"நாலு தாயி. நல்லாப் பாரு."

"நாலாவதுல நான் கோட்டத் தொட்டுட்டேன் மாமா. நடுவரு உங்காளு. பாக்கல."

"அட, எங்க தொட்ட?"

"தொட்டேன்!"

"தொடல!"

அவள் எழுந்துவிட்டாள். ஊன்றுகோலை அம்மா எடுத்துக் கொடுப்பதற்குள் ஒரு காலில் தாவி, பிறகு ஊன்றி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஆட்டக்களத்துக்குள் போனாள். குறுக்காக நடந்து திரைக்கு முன்னால் நின்றாள். "அண்ணே, அந்தக் கடைசிப் பிடிய ஓட்டுங்க. இன்னும் பின்னாடி. நிறுத்துங்க. இந்தா, இந்த வெரலு. பாத்தீங்களா?"

இரண்டு ஊரும் திரைக்கு முன்னால் கூடிவிட்டது. சகாயமேரியும் கூட்டத்துக்குள் போய்விட்டாள். தொட்டது, தொடவில்லை, புழுதி, நிழல், கண்ணுக்கு டாக்டரப் பாரு என்று கத்தினார்கள். கோப்பை வாங்கிய பெண்கள் இருவர் செல்லக்கனிக்கு அடிபடாமல் முழங்கையால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

யாரோ சொன்னார்கள்: "மேடத்தக் கேளுங்க. அவங்க ஒவ்வொரு நொடியாப் பாத்தவங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முத்தரசியும்.

எழுந்து திரைக்கருகே போனேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று முறை ஓட்டச் சொன்னேன். எடுத்தவரின் கை ஆடியிருக்கிறது. விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே புழுதி. தொட்டிருக்கலாம். தொடாமலும் இருக்கலாம்.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

முத்தரசி சிரித்தாள். நேற்று அவள் சிரித்தது அப்போதுதான்.

"மேடத்துக்கே தெரியலையாம்! மறுபடி ஓட்டுங்கப்பா!"

நாங்கள் கிளம்பும்போது ஒன்பதாவது முறை ஓடிக்கொண்டிருந்தது. செல்லக்கனி இன்னும் களத்துக்குள்ளேதான் நின்றாள், திரையில் விரலை வைத்தபடி, அந்தப் பருத்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு.